சோதனையும் பரிசோதனையும்

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால், வயல்களும் ஏரிகளும் பின்னே ஒதுங்க, புகைபோக்கிகளும் தகரக் கூரைகளும் முன்னே வந்து நிற்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. இரும்பை உருக்குகிறவர்களும், இரசாயனங்களைக் காய்ச்சி வடிக்கிறவர்களும், மருந்துக்கு வேண்டிய மூலச் சரக்குகளைத் தயாரிக்கிறவர்களும் அண்டை வீட்டாராக வாழும் அந்தப் பேட்டையில், ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் வாயிலில் டாங்கர் லாரி ஒன்று காத்து நிற்பது சகஜமான காட்சி. சீட்டு சரியாக இருக்கிறது, முத்திரை சரியாக இருக்கிறது, எடையும் சரியாக இருக்கிறது. ஆனாலும் சரக்கை இறக்கமாட்டார்கள். சிறு குப்பி ஒன்றில் மாதிரி எடுத்து உள்ளே அனுப்பி, ‘க்யூ.சி.’ என்று தொழிலாளர்கள் சுருக்கமாகச் சொல்லும் தரப் பரிசோதனைப் பிரிவு ‘இறக்கலாம்’ என்று எழுதிக் கொடுக்கும் வரையில், டிரைவர் மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருக்க வேண்டியதுதான். யந்திரத்தின் வயிற்றுக்குள் போவது இன்னதென்று அறியாமல் ஊற்றுவது மூடத்தனம் என்பது அங்கே அனைவரும் ஒப்புக்கொண்ட நியதி.

அதே நெடுஞ்சாலையில் இன்னும் வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, எளாவூர் சோதனைச் சாவடி இருக்கிறது. வெளிமாநிலத்துப் பஸ்களும் லாரிகளும் அங்கே நிறுத்தப்பட்டு, பயணிகளின் பைகள் திறக்கப்பட்டு, கஞ்சாப் பொட்டலங்கள் கைப்பற்றப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி படிக்கிறோம். இந்த ‘சோதனை’ என்ற சொல்லுக்கும், தொழிற்சாலை வாயிலில் நடக்கும் ‘பரிசோதனை’ என்ற சொல்லுக்கும் இடையே இரண்டே எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு எழுத்தில் ஒரு சமுதாயத்தின் நோக்கமே மாறிவிடுகிறது. சோதனை இடுகிறவர் ‘இது யாருடையது?’ என்று கேட்கிறார்; பரிசோதிக்கிறவர் ‘இது என்ன?’ என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு நம் நாட்டில் சாவடியும் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. இரண்டாவது கேள்வியை, அந்த வஸ்து மனிதனின் வயிற்றுக்குள் போவதற்கு முன்னால், கேட்பதற்கு ஒரு ஸ்தாபனமும் இல்லை.

போன பின்னால் கேட்பதற்கு மட்டும் நம்மிடம் நெடிய பாரம்பரியம் உண்டு. 1849ஆம் ஆண்டிலேயே சென்னை ராஜதானியில் சர்க்கார் இரசாயனப் பரிசோதகர் என்ற பதவியும் அவருக்கென்று ஒரு ஆய்வுக்கூடமும் ஏற்பட்டன. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. சந்தேக மரணம் நேர்ந்தவருடைய உள்ளுறுப்புகளைக் குப்பியில் அடைத்து அனுப்ப, அதில் என்ன விஷம் என்று நிர்ணயித்துச் சொல்வது அதன் தலையாய பணி. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அந்த மரபின் வாரிசே ஆகும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் விஷத்தைக் கண்டுபிடித்து வருகிறோம். கண்டுபிடித்ததை அறிந்துகொள்ள வேண்டியவர் மாத்திரம் அப்போது உயிரோடு இருப்பதில்லை.

2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கற்பட்டு மாவட்டத்துச் சில கிராமங்களிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் குடித்தது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் உபயோகமாகும் மெத்தனால் என்று போலீஸ் துறை அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் அதே மெத்தனால் பாக்கெட்டுகளில் விற்கப்பட்டு, அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. முதலில் இறந்தவர்களின் சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கை வாங்கிக் குடித்தார்கள் என்று செய்தி வந்தது. முதல் மரணத்துக்கும் அதன் காரணம் ஊருக்குத் தெரிந்ததற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தைத்தான் இக்கட்டுரையைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் என்ன இருந்தது என்பதை அந்த நேரத்துக்குள் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், இரண்டாவது வரிசைப் பிணங்கள் விழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மெத்தனால் என்பது இயல்பாகவே வஞ்சகமான வஸ்து. மதுவிலுள்ள எத்தனாலுக்கு அது உடன்பிறப்பு. நிறம் இல்லை, வாசனையிலும் அதிக வேற்றுமை இல்லை. ‘நல்ல சரக்கு’ என்று காட்டுவதற்காக விற்பவன் சிறிது தரையில் ஊற்றிப் பற்ற வைத்தால் அதுவும் நீலமாகவே எரியும். குடித்த உடனே கொல்லாது. ஈரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது, அந்த அமிலந்தான் விஷம். இந்த மாற்றத்துக்குப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை ஆகலாம். கூடவே சாதாரண மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும்; ஏனெனில் ஈரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கிறது. ஆகவே நேற்றிரவு குடித்தவன் இன்று காலையில் வேலைக்குப் புறப்படும்போது வயிறு புரட்டுகிறது என்கிறான், மாலையில் கண்முன்னே வெண்பனி மூடியது போல் இருக்கிறது என்கிறான், இரவில் மூச்சு வாங்குகிறது. கண்ணைக் குருடாக்கப் பத்து மில்லி லிட்டரும், ஆளைக் கொல்ல முப்பது மில்லி லிட்டரும் கூடப் போதுமானதாக இருக்கலாம். ஆயினும் இதற்குப் பரிகாரம் உண்டு. ஃபோமிபிசோல் என்ற மருந்து ஈரலின் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. அது இல்லாத இடத்தில் வைத்தியர் அளந்து கொடுக்கும் எத்தனாலே மாற்று மருந்தாகிறது. இரத்தச் சுத்திகரிப்பு உடம்பில் தங்கியதை வெளியேற்றுகிறது. பரிகாரம் பலிப்பதும் பலிக்காததும் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதைப் பொறுத்தது.

தொழிற்பேட்டைக்கும் இந்தத் துயரத்துக்கும் உள்ள உறவை நம் சட்டம் அறியாததல்ல. டினேச்சர்ட் ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் என்னும் வார்னிஷ் ஆகிய மூன்றுக்கும் 1959ஆம் ஆண்டிலேயே இங்கே தனி விதிகள் செய்யப்பட்டன. பெயிண்ட் கரைப்பானாகவும், பிசின் தயாரிக்கவும், மருந்துத் தொழிலுக்கும் வேண்டியிருக்கும் ஒரு திரவத்தை ஊரிலிருந்து ஒழித்துவிட முடியாது. அது டாங்கரிலும் பீப்பாயிலும் வந்துகொண்டேதான் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் விழும் ஒரு சிறு ஓட்டை வழியே பத்துப் பீப்பாய் வெளியேறினால், அது எந்தக் குடிசையில் எந்தப் பாக்கெட்டாக மறு அவதாரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024ல் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்தார்கள். அது விற்பவனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை. வாங்கிக் கையில் வைத்திருப்பவனுக்குச் சொல்ல நம்மிடம் வார்த்தை எதுவும் இல்லை.

அந்த வார்த்தையைச் சொல்வதற்கென்றே வெளிநாடுகளில் ஒரு சேவை வளர்ந்திருக்கிறது. இசை விழாக்களிலும் இரவு விடுதிகளிலும் இளைஞர்கள் இரகசியமாக வாங்கி வரும் மாத்திரையையும் பொடியையும் உட்கொள்ளுமுன் பரிசோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடமே சொல்லுகிற சேவை அது. நெதர்லாந்து தேசத்தில் 1992 முதல் இது நடந்து வருகிறது; இப்போது டிரிம்பாஸ் நிலையத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. வியன்னாவில் 1997 முதல் ‘செக் இட்’ என்ற பெயரில் நடக்கிறது. இங்கிலாந்தில் ஃபியோனா மீஷம் என்ற குற்றவியல் பேராசிரியை ஸ்தாபித்த ‘லூப்’ என்னும் அமைப்பு 2016ல் ஓர் இசை விழாவின் நடுவே கூடாரம் அடித்துத் தொடங்கிற்று. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2018ல் விழாவிலும், 2022ல் ஊருக்குள் நிலையான இடத்திலும் ஆரம்பமாயிற்று. நியூசீலாந்து ஒரு படி மேலே சென்று, 2020 டிசம்பரில் தற்காலிகமாகவும் 2021ல் நிரந்தரமாகவும் இதற்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்துவிட்டது. அதற்கு முன்பு அங்கே தொண்டர்கள் அந்தப் பொருளைத் தாம் கையில் வாங்கினால் குற்றமாகும் என்று பயந்து, கொண்டு வந்தவரையே கருவியின்மேல் வைக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்த்துச் சொன்னார்கள்!

இச்சேவையின் பிரயோஜனத்துக்கு ஒரு சம்பவமே போதிய சாட்சி. 2014 டிசம்பரில், சூப்பர்மேன் சின்னம் பொறித்த இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று ஐரோப்பாவில் நடமாடியது. எம்.டி.எம்.ஏ. என்னும் போதைப்பொருள் என்று சொல்லி விற்கப்பட்ட அதில் உண்மையில் இருந்தது பி.எம்.எம்.ஏ. என்னும் வேறொரு பொருள். அது மெதுவாக வேலை செய்வதால், உண்டவன் ‘இது வீரியம் இல்லாத சரக்கு’ என்று எண்ணி இரண்டாவதையும் விழுங்குவான். பிறகு உடம்பு கொதித்துச் சாவான். நெதர்லாந்தில் யாரோ பரிசோதனைக்குக் கொடுத்த மாத்திரையில் இந்த உண்மை வெளிப்பட்டதும், டெலிவிஷன் மூலமாகவும் மற்ற வழிகளிலும் தேசம் முழுதும் எச்சரிக்கை பரவியது. அங்கே அந்த மாத்திரையால் உயிரிழப்பு இல்லை. கடலுக்கு அப்பால், இத்தகைய ஏற்பாடு அப்போது இல்லாத இங்கிலாந்தில், அடுத்த சில நாட்களுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். மாத்திரை ஒன்றே, காலமும் ஒன்றே. பரிசோதனை ஒன்றுதான் வித்தியாசம்.

இத்தகைய நிலையத்தை அமைப்பது இரசாயனக் கருவியை வாங்கி மேஜைமேல் வைப்பதோடு முடிகிற காரியம் என்று நினைத்தால் அது பிசகு. கருவிகளில் பல வகை உண்டு. ஒரு சொட்டுத் திராவகத்தை விட்டால் நிறம் மாறிக் காட்டும் பழைய முறை மலிவானது; ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது, அதன் நிழலில் மறைந்திருக்கும் மற்றொன்றையும் காட்டாது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி வஸ்துவின் கைரேகையைப் போன்ற ஒரு கோட்டுச் சித்திரத்தை எடுக்கும் கருவி சில நிமிஷங்களில் கலவையின் பெரும் பகுதியைச் சொல்லிவிடும். ஆனால் நூற்றில் ஐந்து பங்குக்குக் குறைவாகக் கலந்திருப்பது அதன் கண்ணுக்கும் தப்பிவிடக்கூடும். ஃபெண்டனில் போன்ற அபின் வகைச் செயற்கை மருந்துகளோ உப்புக்கல் அளவிலேயே உயிரை வாங்கக் கூடியவை. அதற்காகக் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போன்ற சிறு அட்டைகள் தனியே இருக்கின்றன. சந்தேகம் தீராததைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு கருவியை மட்டும் நம்பாமல், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்படி அடுக்குவது முதல் விதி.

இரண்டாவது விதி, கருவியைக் காட்டிலும் முக்கியமானது: பேச்சு. கொண்டு வருபவரிடம் பெயர் கேட்பதில்லை. ஓர் எண் எழுதிய சீட்டு மட்டும் கொடுக்கப்படுகிறது. முடிவு தயாரானதும் அதைக் காகிதத்தில் எழுதி நீட்டிவிடாமல், பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து, என்ன வாங்கியதாக நினைத்தீர்கள், உண்மையில் இருப்பது என்ன, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, இருதயக் கோளாறு உண்டா என்று பத்து இருபது நிமிஷம் பேசுகிறார். ‘இது பத்திரமானது’ என்ற வாக்கியத்தை அந்த நிலையத்தில் ஒருவரும் ஒருபோதும் உச்சரிக்கக் கூடாது. பத்திரமான போதைப்பொருள் என்று ஒன்று கிடையாது என்பதிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. வேண்டாம் என்று தீர்மானிப்பவர் போட்டுவிட்டுப் போகப் பூட்டிய தொட்டி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். 2016ஆம் ஆண்டு இங்கிலாந்து விழாவில் பரிசோதிக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சொன்ன பொருளாக இல்லை. ‘நீ ஏமாற்றப்பட்டிருக்கிறாய்’ என்ற ஒரு சொல், நூறு உபதேசங்களால் ஆகாததைச் செய்து, பலரை அந்தத் தொட்டியண்டை கொண்டுபோய் நிறுத்தியது.

மூன்றாவது விதி எச்சரிக்கை. ஒருவர் கொண்டு வந்ததில் கண்ட அபாயம் அவரோடு நின்றுவிடாமல், அதே இரவில் விழா மைதானத்துப் பலகையிலும், வைத்தியக் கூடாரத்திலும், அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலும் தெரிந்தாக வேண்டும். நான்காவது விதி, போலீசாருடன் முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாடு. நிலையத்தின் வாயிலில் காக்கிச் சட்டை நின்றால் ஒருவரும் வரமாட்டார். ஆகையால் விற்பவனைத் தேடுவது வேறு இடத்திலும், வாங்கியவனைக் காப்பது இந்த இடத்திலும் நடப்பதென்று இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஒவ்வாது என்று ஆட்சேபம் எழலாம். எழுவது நியாயமே. ஆனால் இதே போன்ற விதிகளின்மேல் எழுந்த ஒரு ஸ்தாபனம் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளிலெல்லாம் கண் முன்னே இருக்கிறது. 1986ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த இரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ‘ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய், அதற்குப் பரிசோதனையும் ஆணுறையும் கொடுத்தால் ஒழுக்கக்கேட்டை வளர்ப்பதாகும்’ என்ற வாதம் அன்று எத்தனை உரக்க ஒலித்தது என்பதை வயதானவர்கள் அறிவார்கள். அந்த வாதத்தைத் தாண்டி 1994ல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லி, இரகசியம் காக்கும் நிலையங்கள் தோன்றின. அவற்றுக்கு நம்மவர் வைத்த பெயர் ‘நம்பிக்கை மையம்.’ எந்த இலக்கணப் பண்டிதரும் இதைவிடப் பொருத்தமான பெயரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நோயாளியின் நடத்தையை விசாரிக்காமல் அவருடைய இரத்தத்தை மட்டும் பரிசோதிக்கும் பக்குவம் நமக்கு வந்துவிட்டதென்றால், பாக்கெட்டைப் பரிசோதிக்கும் பக்குவமும் வரக்கூடியதே.

சட்டம் ஒரு முட்டுக்கட்டை என்பதை மறைப்பதற்கில்லை. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பிரகாரம் சிறிதளவு வைத்திருப்பதும் குற்றம், உட்கொள்வதும் குற்றம். பரிசோதிப்பதற்காகக் கையில் வாங்குகிறவரும் சிக்கலில் மாட்டக்கூடும். தாமாகவே சிகிச்சைக்கு முன்வருபவரைத் தண்டனையிலிருந்து விலக்கும் 64ஏ என்ற பிரிவு அதில் இருக்கிறது. பரிசோதனைக்கு முன்வருபவருக்கு அத்தகைய பிரிவு இல்லை. ஆகவே மாத்திரைக்கும் பொடிக்கும் நிலையம் வைப்பது பாராளுமன்றத்தின் மனம் மாற வேண்டிய விஷயம். மதுவோ மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மெத்தனாலிலிருந்து தொடங்குவதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படித் தொடங்குவதானால் கும்மிடிப்பூண்டியைக் கொண்ட திருவள்ளூர் மாவட்டத்தைவிடத் தகுந்த களம் எது? ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் சந்நிதியிலும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையிலும் ஜனசமுத்திரம் கூடுகிறது. கும்மிடிப்பூண்டியில் திருவிழா என்று தனியே வேண்டியதில்லை. சம்பள நாளின் இரவே திருவிழா. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு எந்தக் கடை எப்படிப்பட்டது என்று சொல்ல ஊரில் உறவில்லை. தமிழ் எச்சரிக்கைப் பலகை அவனுக்குச் சித்திரம். எனவே அங்கே நிற்க வேண்டியது மாலை ஆறு மணிக்குமேல் வரும் ஒரு வண்டி. அதில் இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்த ஒருவர். மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றியபின் ஊதா நிறம் காட்டும் குரோமோட்ரோபிக் அமிலமும் அதைப் பிரயோகிக்கத் தெரிந்த ஓர் இரசாயனப் பட்டதாரியும். பக்கத்து ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண். இரசாயனப் பட்டதாரிகளுக்குக் கும்மிடிப்பூண்டியில் பஞ்சமே இல்லை.

அந்த வண்டியில் நடக்கக்கூடிய சம்பாஷணையைக் கற்பனை செய்து பார்க்கலாம். “அண்ணே, ரூம்ல நாலு பேரு வாங்கியிருக்கோம், இன்னும் ஒடைக்கல” என்று ஒருவன் தயங்கித் தயங்கிப் பாக்கெட்டை நீட்டுகிறான். “நல்லதாப் போச்சு தம்பி, உட்காரு. பேரெல்லாம் வேணாம். மத்த மூணு பேருக்கும் இப்பவே போன் போட்டு, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிடு” என்று பதில் வருகிறது. இதில் சட்டத்தைக் குலைக்கும் வார்த்தையோ, குடியைப் புகழும் வார்த்தையோ ஒன்றும் இல்லை.

பரிசோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று வாதிப்பது நம் நோக்கமன்று. டாபென்டாடால் என்ற வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் இப்போது சென்னையைச் சுற்றிலும் வருகின்றன. அந்த மாத்திரையைப் பரிசோதித்தால் அட்டையில் அச்சிட்ட பொருளேதான் இருக்கும். கேடு பொருளிலே மட்டுமல்லாமல், விழுங்குவதற்கென்று கட்டிய மாவையும் சேர்த்து இரத்தக் குழாயில் செலுத்துவதிலும் இருக்கிறது. அங்கே கருவிக்கு வேலை குறைவு, எதிரே உட்கார்ந்து பேசுபவருக்கே வேலை அதிகம். குடியையும் போதையையும் விடச் சொல்லும் அறிவுரை என்றும் வேண்டியதுதான்; ஆனால் அறிவுரையைக் கேட்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

செலவு என்ன, தாமதம் என்ன, இதெல்லாம் யாருக்காக என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, தொழிற்சாலை வாயிலில் சற்று நின்று பார்க்கலாம். குப்பி உள்ளே போயிருக்கிறது, முடிவு வரவில்லை, டிரைவர் இன்னும் மர நிழலில் படுத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை வீண் செலவு என்று பேட்டையில் ஒருவரும் முணுமுணுப்பதில்லை.